திறக்காத ஜன்னலுக்கு ஒரு திரை

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் போன் கட்டானது நெட்வொர்க் கோளாறினால் இல்லை. நான்தான் கட் பண்ணினேன். "அம்மா, ஷெர்லினுக்கு விசா கிடைக்கது வர அவள நாகர்கோவில்ல அவ வீட்டுலயே போயி நிக்கச் சொல்லட்டா?" என்று உன் பெண்டாட்டியைப் பற்றி நீ கேட்டபோது என் வாயில் ஊசி இருந்தது, மடியில் யாருடைய ஜாக்கெட்டோ இருந்தது. போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ "செரிம்மா, செரிம்மா" என்று வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ரகசியமாகவும் எழுதவில்லை. தைக்கக் கொடுக்க வருகிற பெண்களுக்கும் இதை வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன். அருமனையில் பாதிப்பேருக்கு இந்த ஜன்னல் கதை தெரியும், மீதிப்பேருக்குத் தப்பாகத் தெரியும். தப்பாகச் சொல்லிப் பரப்பியது நான் என்பதால், திருத்திச் சொல்கிற வேலையும் என் தலையில்தான்.

நீ விமானம் ஏறிய அன்றிலிருந்து தொடங்குகிறேன். திருவனந்தபுரத்தில் விமான நிலைய வாசலில் நீ அழுதாய், ஷெர்லின் அழுதாள், உன் அப்பா தூண் பக்கம் திரும்பி நின்று தொண்டையைச் செருமினார். நான் மட்டும் முந்திரிக்கொத்து டப்பாவின் மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றவளுக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று நீ மஸ்கட் போய்ச் சேரும்வரை நினைத்திருப்பாய். விஷயம் வேறு. எனக்கு அழுகை வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகு அது ஒரு நாட்டுத் தக்காளி அளவுக்கு வரும். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத மருமகள் முன்னால் அந்த மூக்கைக் காட்ட வேண்டாமே என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குளிமுறியில் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுததை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வாளி நிரம்பி வழிந்ததற்கு மட்டும் திட்டு வாங்கினேன்.

இனி உன் அறை. நீ அதில் தூங்க மட்டுமே செய்தவன். அவள் பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்க்க வேண்டியவள். அந்த அறைக்கு இரண்டு திறப்பு. ஒன்று புகைப்புரைப் பக்கத்து ஜன்னல். அதைத் திறந்தால் ரப்பர் ஷீட் காய்கிற புகை முழுவதும் உள்ளே வந்துவிடும் என்பதால் நீ பிறந்ததிலிருந்தே அது மூடிக் கிடக்கிறது. மற்றொன்று கிழக்குச் சுவரில் இருந்த சிமென்ட் ஜாளி. அதன் ஓட்டைகள் வழியே சாரல் அடிக்கும் என்று உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? உங்கள் கல்யாண ஃபிளெக்ஸை இரண்டாக வெட்டி அதன்மேல் ஆணியடித்தார். அவள் இருந்த பாதி விறகுப்புரைக் கூரைக்குப் போயிற்று. நீ இருந்த பாதி அறைக்கு வந்தது, அதுவும் தலைகீழாக. அந்தப் பிள்ளை காலையில் எழுந்து, பகலிலேயே டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தால், கோட்டும் டையும் கட்டிய புருஷன் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரிப்பான். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்கே பொறுக்கவில்லை. ஜாளியை எடுத்துவிட்டு ஒரு ஜன்னல் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். "இன்னா வந்துட்டேன்" என்றார். நம் ஊர் கொத்தனார் அப்படிச் சொன்னால் அடுத்த வருஷத்தையும் அது குறிக்கும். அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண், நகப்பூச்சு கலையாமல், திறக்காத ஜன்னல் ஒன்றைத் தனியாகவே சுவரில் வைத்துவிட்டுக் கைதட்டுகிறாள். கீல் இல்லை, கொக்கி இல்லை, கதவு இல்லை, ஒரு மரச்சட்டமும் ஒரு கண்ணாடியும்தான். திறக்காது என்பதால் கொசு வராது, புகை வராது, பாம்பு வராது. ஜாளிக்கு மேலே கான்கிரீட் பட்டை ஏற்கெனவே இருப்பதால் சுவர் தலையில் விழாது. முப்பது வருஷமாக அடுத்தவர்கள் உடம்புக்கு அளவெடுத்து வெட்டித் தைக்கிறவள், அசையாமல் நிற்கிற ஒரு சுவருக்கு அளவெடுக்க மாட்டேனா என்று தோன்றியது. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து பழங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, ஜாக்கெட்டு பாழானா வேற துணி எடுக்கலாம். செவரு பாழானா எங்க போயி எடுப்ப?" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் விட்டிருப்பேன்.

பெருமையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வாய்ப்பு வராது. சட்டம் நன்றாக வந்தது. உங்கள் கல்யாண அலமாரிக்கு எடுத்ததில் மிஞ்சிய அயினி மரத்தை அறுப்பு மில்லில் கொடுத்துச் சட்டங்களாக்கி, மூலைகளைச் சேர்த்து ஆணியடித்தோம். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் தையல் டேப்பைக் குறுக்கே ஒருமுறையும் எதிர்க்குறுக்கே ஒருமுறையும் பிடித்தேன். இரண்டும் ஒன்றாக வந்தது. ஜாளியை உளியால் பெயர்த்தபோது கிளம்பிய தூசியில் உன் அப்பா மாவில் புரட்டிய மீன் மாதிரி இருந்தார். சட்டத்தைச் சுவரில் நிறுத்தி, செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு இல்லாமல், நூலில் என் கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டேன். ஆப்பு வைத்து இறுக்கி, சுற்றிலும் சிமென்ட் பூசினோம். ஷெர்லின் லீவு போட்டுவிட்டு மண் அள்ளிக் கொடுத்தாள். நெற்றியில் சிமென்டோடு நின்றபோது எனக்கு அவளை முதல்முறையாக நம் வீட்டுப் பிள்ளை என்று தோன்றியது.

பிறகு கண்ணாடி. இங்கேதான் தையல்காரி புத்தி என்னைக் கவிழ்த்தது. நீ ஆறாம் வகுப்பு சேர்ந்தபோது வளருகிற பிள்ளை என்று சொல்லி உன் கால்சட்டையில் எத்தனை மடிப்பு உள்ளே விட்டேன், ஞாபகம் இருக்கிறதா? வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டு, அதே கால்சட்டையை நீ ஒன்பதாம் வகுப்புவரை போட்டாய். காலில் வருஷத்துக்கு ஒரு கோடு விழுந்து, மரம் அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரி இருக்கும். வாத்தியார்கள் அதைப் பார்த்தே நீ எந்த வகுப்பு என்று சொல்லிவிடுவார்களாம். அந்தப் பழக்கம் கைக்குள்ளேயே இருக்கிறது. சட்டத்தின் உள்ளளவை எடுத்தேன், நாலு பக்கமும் அரையரை இஞ்சு கூட்டிக்கொண்டேன், குழித்துறையில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இது உள்ளளவா வெளியளவா என்று கேட்டார். சரியான அளவுதான், தையலுக்கும் விட்டிருக்கிறேன் என்றேன். ஏதோ தமாஷ் பேசுகிறாள் என்று அவர் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். ஆட்டோவில் பின்சீட்டில் நானும் உன் அப்பாவும் அந்தக் கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வந்து வைத்துப் பார்த்தால், கண்ணாடி சட்டத்துக்கு வெளியே நாலு பக்கமும் நின்று எங்களைப் பார்க்கிறது. துணியாக இருந்தால் உள்ளே மடித்திருப்பேன்.

மறுபடியும் போர்வை, மறுபடியும் ஆட்டோ. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "அக்கா, துணிக்குக் கூட்டணும், கண்ணாடிக்குக் கொறைக்கணும். சுத்தி ஒரு நூல் எடமாவது விடாம இறுக்கினா, வெயிலடிச்சதும் தானே வெடிச்சிரும்" என்றார். நான் தலையாட்டினேன். நாங்கள் ஆட்டோவில் அருமனை திரும்புவதற்குள் அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கப் போன உன் அப்பாவிடம், மாத்திரையைத் தையலுக்கு விட்டுத் தரவா என்று கேட்டார்களாம்.

கண்ணாடி இப்போது பொருந்தியது. உன் அப்பாவின் பழைய ரப்பர் செருப்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி அடியில் வைத்து, அதன்மேல் கண்ணாடியை நிறுத்தி, உள்பக்கம் மெல்லிய மரப்பட்டையை ஆணியடித்தோம். சுற்றியிருக்கிற இடுக்கை அடைக்க சிலிக்கான் வாங்க வேண்டும். வீடியோவில் அந்தப் பெண் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு பிதுக்குகிறாள். எனக்கு அங்கே ஒரு யோசனை வந்தது. இந்த யோசனை உன் அப்பாவுடையது என்று முதலில் நான் ஊரில் சொல்லியிருந்தேன். இல்லை, என்னுடையதுதான். வீட்டைச் சுற்றி ரப்பர் மரம், வாளி நிறையப் பால், டயர் தண்ணீரில் ஓடுகிறது, ஒரு சொட்டாவது உள்ளே போகிறதா? அப்புறம் எதற்குக் கடையில் போய் வாங்குவது? பால் கவரின் மூலையைக் கத்தரித்து, அதில் ரப்பர் பாலும் அதை உறையவைக்கிற ஆசிட்டும் ஊற்றி, கேக்குக்குக் கிரீம் வைக்கிற மாதிரி வெளிப்பக்கம் முழுவதும் பிதுக்கிவிட்டேன். அன்றைக்குப் பார்க்க ஆப்பத்தின் ஓரம் மாதிரி வெள்ளையாக அவ்வளவு அழகு. ரப்பரோடு வாழ்ந்த உன் அப்பா சும்மா இருந்தாரே, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சில நாளில் அது மஞ்சளாகி, தவிட்டு நிறமாகி, மரத்திலிருந்து உரித்த ஒட்டுப்பால் சாக்கைப் பிரித்துவைத்த நாற்றம் அடித்தது. அறைக்குள் ஷெர்லின் ஊதுபத்தி கொளுத்தினாள். நான் அதைப் பக்தி என்று நினைத்தேன்.

ஆனால் வெளிச்சம் வந்தது, மக்களே. காலையில் அந்த அறைத் தரையில் வெயில் விழுந்ததைப் பார்க்க நான் இரண்டு தரம் போனேன். நீ போனபிறகு உன் பைக் நின்ற ஷெட்டுக்குத்தான் என் மெஷினை மாற்றியிருக்கிறேன். அந்த ஷெட்டும் ஜன்னலும் நேருக்கு நேர். இடையில் முற்றம் மட்டும். நான் மெஷினில் உட்கார்ந்தால் கண்ணாடிக்குள் அவள் முதுகும் பின்னலும் தெரியும். அவள் திரும்பினால் சாப்பிட்டியா என்று கையைக் காட்டுவேன். தலைவலிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவேன். அவள் அவசரமாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். எவ்வளவு அடக்கம் என்று நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு பழைய போர்வை தொங்குகிறது. மேலேயிருந்து கீழேவரை ஒரு விரல் இடைவெளி இல்லை.

அந்தப் போர்வை என் முகத்தில் போர்த்திய மாதிரி இருந்தது. கையெல்லாம் சிமென்ட் அரித்து, ஊர் சிரித்து, நான் கொண்டுவந்த வெளிச்சத்தை ஒரு போர்வையால் மூடிவிட்டாளே என்று வெந்துபோனேன். வாய் சும்மா இருக்குமா? அளவு கொடுக்க வந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். கழுத்தளவு எடுக்கும்போது தொடங்கினால் கையளவு முடிவதற்குள் கதை முடிந்துவிடும். டவுன் பிள்ளைக்கு என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்லிவிட்டேன். அது சுற்றிச் சுற்றி அவள் காதுக்கும் போயிருக்கிறது. அவள் உனக்குப் போன் பண்ணியிருக்கிறாள். நீ உடனே எனக்குப் போன் பண்ணினாய். இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கேட்டுக்கொள்: அவள் உன்னிடம் சொன்னதை வாயில் வாங்கிய சூட்டோடு என்னிடம் துப்பாதே. கொஞ்ச நேரம் நீயே வைத்திரு. ஆறட்டும்.

நீ கேட்ட கேள்வியோடு இரண்டு நாள் நடந்தேன். அவள் போனால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். அவள் போய்விட்டால் அந்த ஜன்னலில் என்ன தெரியும் என்பது இன்னொரு பக்கம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இடவப்பாதி மழை சாய்த்து அடித்தது. நான் ஷெட்டில் இருந்தேன். திடீரென்று போர்வை விலகியது. ஷெர்லின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினாள், உதட்டை அசைத்தாள், கீழே கீழே என்று காட்டினாள். தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என்னை உள்ளே போ என்கிறாள் என்று நினைத்து நானும் முறைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கம்ப்யூட்டரை மார்போடு அணைத்துத் தூக்கிக் காட்டினாள். அப்போதுதான் உறைத்தது, ஜன்னல் வழியே தண்ணீர் உள்ளே போகிறது.

முற்றத்தைக் கடந்து ஓடினேன். என் ஆப்ப ஓரம் சுருங்கி, சட்டத்தை விட்டுப் பிரிந்து, இடுக்கில் தண்ணீர் வாய்க்காலாக இறங்கிக்கொண்டிருந்தது. பிரிந்த முனையைப் பிடித்து இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது, என் கைநீளத்துக்கு மேலே வந்து, மறுமுனை திடீரென்று விட்டு, என் மூக்கில் படீரென்று அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துணியை வைத்துத் தண்ணீரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவள் சிரிக்கிறாள். சத்தம் கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது. கல்யாண ஆல்பம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு சிரித்தவளுக்கு அவ்வளவு பல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நானும் மழையில் நின்று சிரித்தேன். உன் அப்பா ஒரு கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தலையைத் துவட்டிக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். அவள் கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளே, எனக்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமத்தான் போர்வையப் போட்டியா?" என்று கேட்டேன். அவள் போய்க் கம்ப்யூட்டரை எடுத்துவந்தாள். ஆபீஸ் மீட்டிங் எதையோ பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதில் வரிசையாக ஆட்கள் தெரிந்தார்கள். அவள் கட்டத்தில் அவள் வெறும் கறுப்பு நிழல். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் வெளிச்சமெல்லாம் பின்னால். அந்த நிழலின் தோளுக்கு மேலே, வெயிலில் பளிச்சென்று, கலரில், நான். பல்லில் நூல், தலைமுடி ஒரு பக்கம், உள்ளே எட்டிப் பார்க்கிற கண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நான் எழுந்து போனேன், திரும்பி வந்தேன், ஒரு கையில் சாளையும் இன்னொரு கையில் அயிலையும் வாலைப் பிடித்துத் தூக்கி, எது வேண்டும் என்று கேட்டேன். மீன்காரர் வந்த நாளாம். மற்றக் கட்டங்களில் இருந்தவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளுடைய பெரிய அதிகாரி, அந்த அம்மாவையும் டீமில் சேர்த்துக்கொள்வோமா என்று கேட்டிருக்கிறார்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே பிள்ளே என்றேன். சொன்னால் நான் வெசனப்படுவேன் என்று சொல்லவில்லையாம். அப்படியானால் நாகர்கோவில் எதற்கு, இந்த மீனுக்காகவா என்று கேட்டேன். அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அங்க போயி கொஞ்சம் அழணும்னு தோணுச்சு மாமி. இங்க நான் எங்க இருந்து அழுதாலும் நீங்க பாத்திருவீங்க."

எனக்குக் குளிமுறியும் வாளியும் ஞாபகம் வந்தது. நீ போனதற்கு நான் மட்டும்தான் ஒளிந்து அழ இடம் தேடினேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒரு பைப்பாவது இருந்தது. அவளுக்கு இருந்த ஒரே அறைக்கு நானே கண்ணாடி போட்டு, எதிரில் நாற்காலியும் போட்டு உட்கார்ந்துவிட்டேன். காப்பி சூடாக இருக்கிறது என்று சொல்லி மூக்கைத் துடைத்தேன். அவள் அதைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த மரியாதை எங்கிருந்து வந்ததோ, நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை.

மறுநாள் உன் அப்பா ஒழுங்காக சிலிக்கான் வாங்கிவந்து இடுக்கை அடைத்தார். அவள் மேசையைத் திருப்பிப் போட்டோம். இப்போது அவள் முகம் ஜன்னலுக்கு நேரே, ஆபீஸ்காரர்களுக்கு வெறும் சுவர். ஜாளியிலிருந்து கழற்றி உன் அப்பா அடுத்த சுவரில் அடித்திருந்த ஃபிளெக்ஸோடு நீயும் இறங்கிவிட்டாய். பிறகு நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த ஜன்னலுக்கு அளவெடுத்தேன். திரைக்கு. இரண்டு பக்கமும் தாராளமாகக் கூட்டினேன், அடியில் மடிப்புக்கும் விட்டேன். என்ன நிறம் வேண்டும் என்று அவளைக் கேட்டேன். மாம்பழ மஞ்சள் என்றாள். மெல்லிய துணியில் நிழல் தெரியும் என்பதால் உள்ளே ஒரு லைனிங்கும் வைத்துத் தைத்தேன். நான் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாத கனம். கம்பியும் கயிறும் அவள் பக்கம்.

ஆகவே, நீ கேட்ட கேள்விக்குப் பதில்: என்னைக் கேட்காதே. அவளைக் கேள். நாகர்கோவிலுக்குப் போக வேண்டும் என்றால் உன் அப்பா கொண்டுபோய் விடுவார், நான் முந்திரிக்கொத்து கட்டிக் கொடுப்பேன், ஊருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை நான் சொல்லிக்கொள்கிறேன். அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. நான் கேட்டதற்கு, திரை நன்றாகத் தொங்குகிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்ச நாள் நிற்கிறேன் மாமி என்று சொல்லியிருக்கிறாள்.

இன்று காலை திரை மூடியே இருந்தது. நான் மெஷினில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை வைத்தேன். இவ்வளவு நாளில் என் கழுத்து வலித்தது இன்றுதான். பத்து மணி வெயில் வந்தபிறகு திரை தானே விலகியது. ஷெர்லின் நின்றுகொண்டு, ஒரு கையில் டீத்தூள் டப்பாவும் மறு கையில் காப்பித்தூள் டப்பாவும் தூக்கிக் காட்டினாள். காப்பி என்று விரலை நீட்டினேன். அவள் கண் சிவந்திருந்ததா என்று நீ கேட்பாய். கண்ணாடியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது மக்களே. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உன் அம்மா